படத்தில் இருக்கிற பொண்ணு எங்கே?

8.2.1977, செவ்வாய்

எங்கள் செமிலிங் தோட்டத்திலிருந்து வருகிற பஸ் இன்றும் தாமதம். நான் போய்ச் சேரும்போது பரஞ்சோதி அண்ணன் ஸ்டூடியோவைத் திறந்து விளக்கெல்லாம் போட்டுவிட்டார். "வாங்க மேடம், சுங்கைப் பட்டாணியே ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு." முதலாளி கேலி செய்தால் சிரிக்க வேண்டும். சிரித்தேன்.

சீனப் பெருநாள் வருவதால் முன்னறையில் குடும்பப் படத்துக்குக் கூட்டம். எனக்கு அங்கே வேலை இல்லை. என் இடம் பின்னறை. சாய்வான கண்ணாடி மேசை, அடியில் ஒரு விளக்கு, கையில் பென்சில். இந்த வேலைக்குப் பெயர் டச்சப். அதாவது தமிழ்ப் பெண்களைச் சிவப்பாக்குவது.

இன்று பிரேமாவதி என்று ஒருத்தி வந்தாள். மெட்ராஸ் பத்திரிகையின் அட்டையைக் கிழித்து, நாலாக மடித்து, கைக்குட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "இந்த மூஞ்சி மாதிரி பண்ணிக் குடுங்கக்கா." மூக்கா, கண்ணா என்று கேட்டேன். "மூக்கு, கண்ணெல்லாம் எங்கம்மா குடுத்ததே போதும். கலரு மட்டும்."

கலர் மட்டுமாம். கறுப்பு வெள்ளைப் படத்தில்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் நாங்கள்தான் வெள்ளை, கூந்தல்கூட வெள்ளை. படத்தில் முகம் சிவப்பாக வர வேண்டுமென்றால் நெகட்டிவில் அந்த முகத்தின்மேல் கரியைப் பூச வேண்டும். காலையிலிருந்து மாலைவரை மூஞ்சி மூஞ்சியாகக் கரி பூசுகிறேன். காசும் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கடைசியில் கேதரின் அக்காவின் நெகட்டிவ். அக்காவுக்கு இருபத்தெட்டு. குலிமில் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற ஒரு கிராணி வீட்டிலிருந்து படம் கேட்டிருக்கிறார்கள். சாம்பல் புதன் வருவதற்குள் பெண் பார்த்துவிட வேண்டும், அதன்பிறகு தவசு காலம், கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. அதனால் அம்மாவுக்கு அவசரம். காலையில் எங்கள் தோட்டத்து லயத்து வாசலில் நின்றுகொண்டே கத்தினாள்: "நல்லா வெளுத்துக் கொண்டா ஜெனி! ஒன் சொந்த அக்கா, கஞ்சத்தனம் பண்ணாத!"

பூசினேன். நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு, கழுத்து. பூசப் பூச அக்கா போய்க்கொண்டே இருந்தாள். மிஞ்சி நின்றவள் அழகிதான். யார் என்றுதான் தெரியவில்லை. பரஞ்சோதி அண்ணன் எட்டிப் பார்த்து, "அலாமாக்! இதான் லா ஒன் மாஸ்டர் பீஸ்" என்றார். சந்தோஷத்தில் இரண்டு பிரிண்ட் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

12.2.1977, சனி

தோட்டத்துக் கிளப்பில் டிவி. தமிழ்ப் படம். பெயரை எழுதத் தோன்றவில்லை, எல்லாம் ஒன்றுதான். கதாநாயகி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வருகிறாள், எல்லாரும் "ஆ" என்கிறார்கள். கறுப்பாக ஒருத்தி வந்தால் சிரிக்கத் தயாராக வேண்டும். காமெடியனின் தலையில் கட்டிவைக்கத்தான் வந்திருப்பாள். அவளும் நிஜத்தில் கறுப்பில்லை, கரியைப் பூசிக்கொண்ட வெள்ளைத்தோல்காரி. அந்த வேலைக்குக்கூட எங்களைக் கூப்பிடுவதில்லை!

விடியும் முன்பே எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், வெயிலில் கருகித் திரும்புகிற பொம்பளைகள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் கேட்டேன். "எதுக்குக்கா சிரிச்சே?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். ஒனக்கு எல்லாத்துக்கும் கேஸ் போடணுமா?"

20.2.1977, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். கிராணி மாப்பிள்ளை மரியராஜ், அவன் அம்மா, அப்பா. கூட்டிக்கொண்டு வந்தது ஞானப்பூ அத்தை. கெடா மாநிலம் முழுவதும் வேதக்காரர் வீட்டுச் சம்பந்தமெல்லாம் அவள் வாயில்தான் பிறக்கிறது. அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள், கேசரி வைத்தாள், பாயில் ஓரமாக உட்கார்ந்தாள். அவர்கள் சாப்பிட்டார்கள். மழை பற்றிப் பேசினார்கள், ரப்பர் விலை பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அடிக்கடி அடுப்படிக் கதவையே பார்த்தாள்.

கடைசியில் டம்ளரைக் கீழே வைத்து, "காப்பி நல்லா இருக்கும்மா. சரி, பொண்ண வரச் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

ஞானப்பூ அத்தை தொண்டையைச் செருமினாள். "இதாம்மா பொண்ணு. காப்பி குடுத்துச்சே."

"வெளயாடாதீங்க லா. படத்துல இருக்கற பொண்ணு எங்க?"

கைப்பையிலிருந்து படத்தை எடுத்தாள். அக்காவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மூலையில் நின்ற என்னைப் பார்த்து, "இதுவும் இல்ல" என்றாள்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மாப்பிள்ளை கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அசையவில்லை. சந்தையில் விலை படியாத கோழியைக்கூட அப்படித் திரும்பத் திரும்பப் பார்க்க மாட்டார்கள்.

போகும்போது வாசலில் மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவின் கையைத் தட்டி ஆறுதல் சொன்னாள்: "கறுப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்கு. கெடைக்கும்."

இருந்தாலும்! அந்த ஒரு சொல்லை என் காது கேட்காத நாளே இல்லை.

அவர்கள் போன பிறகு அம்மா அழுதாள், அழுதுகொண்டே என்மேல் பாய்ந்தாள். "அளவா வெளுக்கத் தெரியாதா ஒனக்கு? ஆளே தெரியாமப் பண்ணி வெச்சிருக்கியே, பாவி!"

அக்கா தட்டுகளைக் கழுவி வைத்தாள். மிச்சக் கேசரியில் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சீனி கூடிப் போச்சு" என்றாள். அவ்வளவுதான்.

21.2.1977, திங்கள்

ஆக, குற்றம் நிறத்திலும் இல்லை, பொய்யிலும் இல்லை. பொய்யின் அளவில்.

23.2.1977, சாம்பல் புதன்

சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். நாற்பது நாள் பெண் பார்க்கும் பேச்சு இல்லை. இதற்காகவே தவசு காலம் வருடம் முழுவதும் நீளக் கூடாதா?

12.3.1977, சனி

பேச்சு நின்றதே தவிர, பூச்சு நிற்கவில்லை.

அக்காவின் கன்னத்தில் தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. சிவப்பு! கேட்டதுதானே கிடைத்திருக்கிறது! பத்திரிகையில் விளம்பரம், இரண்டு படம்: இடது பக்கம் கறுப்பாக அழுகிற பெண், வலது பக்கம் வெள்ளையாகச் சிரிக்கிற அதே பெண். அது என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? வலது பக்கத்துப் பெண்ணை எந்தப் பின்னறையில் எவள் உட்கார்ந்து பூசினாளோ! பக்கத்து ஊரான படோங்கின் கடைத்தெருவில் அந்தக் களிம்பை வாங்கி, அக்கா ஒரு மாதமாக இரவில் தடவியிருக்கிறாள். தடவிக்கொண்டு தூங்கி, எழுந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறாள். எரியாமல் என்ன செய்யும்?

டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் கேட்டாள்.

"நீ நெகட்டிவ்ல பூசற. நான் நேரா மூஞ்சில பூசிக்கறேன். என்னடி வித்தியாசம்?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும் என்று ஊரில் பெயர். கையில் ஒட்டிய களிம்பைக் கழுவப் போனேன்.

15.4.1977, வெள்ளி

பாஸ்காப் பெருநாளோடு தவசு காலம் முடிந்தது. ஞானப்பூ அத்தை மறுபடி கிளம்பிவிட்டாள். பாடாங் செராயில் எர்னஸ்ட் என்று ஒருவனாம், டயர் கடையில் வேலையாம், குடிக்க மாட்டானாம். அவனுடைய படம் வந்திருக்கிறது. முகம் பளபளவென்று இருக்கிறது. படம் வேண்டும் என்று அவர்களும் கேட்கிறார்கள்.

பரஞ்சோதி அண்ணனிடம் இன்று நேராகவே கேட்டேன். நம்மவர்கள் முகம் மட்டும் ஏன் டச்சப் இல்லாவிட்டால் கண்ணும் பல்லுமாக விழுகிறது?

"லைட்டு வெச்சது வெச்ச எடம். சீனங்க ஒக்காந்தாலும் அதான், நம்மாளு ஒக்காந்தாலும் அதான்."

"நம்மாளுக்குத் தனியா வெக்கக் கூடாதா?"

"வெக்கலாம். கொஞ்சம் பக்கத்துல கொண்டாரணும், கூட நேரம் வெளிச்சம் விடணும். கூட்டத்துல யாரு மாத்தி மாத்தி வெப்பா? நீதான் பென்சில் வெச்சிருக்கியே."

இவ்வளவுதானா? இதற்குத்தானா இத்தனை வருடமாக நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம்? ஒரு விளக்கை நகர்த்தச் சோம்பல் பட்டதற்கா?

17.4.1977, ஞாயிறு

பூசை முடிந்து அக்காவை ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பரஞ்சோதி அண்ணன் சாவியும் கேமராவும் கொடுத்தார். "பிலிம் வேஸ்ட் பண்ணா சம்பளத்துல கழிப்பேன்" என்று மிரட்டினார், கழிக்க மாட்டார். விளக்கு எதையும் தொடவில்லை. பின்கதவைத் திறந்து, சந்து வெளிச்சத்தில் அக்காவை நிறுத்தினேன். பவுடர் வேண்டாம் என்றேன்.

"பவுடர் இல்லாமலா? ஒனக்கு என்மேல என்னடி கோவம்?"

கன்னத்தில் புண் ஆறியிருந்தது. சந்தில் ஒரு பூனை ஓடியது, அதைப் பார்த்து அக்கா லேசாகச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அமுக்கினேன்.

21.4.1977, வியாழன்

பிரிண்ட் வந்தது. நானே போட்டது, ஒரு கோடுகூட டச்சப் இல்லை. பரஞ்சோதி அண்ணன் ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. "கன்ன எலும்பு இவ்வளவு அழகாவா இருக்கும் இந்தப் புள்ளைக்கு?" என்றார்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். அக்கா பார்த்தாள். திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"இத என்னத்துக்கு? இவளத்தான் தெனமும் கண்ணாடியில பாக்கறேனே."

"இதுதான்க்கா நீ. எவ்ளோ நல்லா இருக்க, பாரேன்!"

"ஜெனி, ஒனக்குப் புரியாது. நீ பூசின படம் இருக்கே, அதப் பாத்தப்ப ஒரு நாளாச்சும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. நானும் இப்படி இருந்திருக்கலாம்னு."

அப்புறம் நான் கத்தினேன். பத்திரிகை, சினிமா, விளம்பரம், எல்லாரும் சேர்ந்து உன் மண்டையில் ஏற்றியது என்றேன். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சரி ஜெனி, சரி ஜெனி என்றாள். கூட்டத்தில் பேசுகிறவனுக்குக் கை தட்டுவது மாதிரி.

இவளுக்காகத்தானே இவ்வளவும்? சை.

8.5.1977, ஞாயிறு

அம்மா பாடாங் செராய்க்குப் படத்தை அனுப்பிவிட்டாளாம். புதுப் படத்தைத்தானே என்று கேட்டேன். "ஆமா ஆமா, ஒன் படந்தான்" என்றாள். நம்பினேன்.

30.6.1977, வியாழன்

இந்த மாதம் டச்சப் கேட்டு வந்த ஒவ்வொருத்தியிடமும் கேட்டுப் பார்த்தேன். இருக்கிற மாதிரி வேண்டுமா, சிவப்பாக வேண்டுமா? லைட்டை மாற்றி எடுத்துத் தருகிறேன், காசு அதிகமில்லை என்றும் சொன்னேன். ஒருத்திகூட இருக்கிற மாதிரி கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் யோசித்தாள். யோசித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கக்கா, இருக்கற மாதிரி எடுத்தா எவன் வருவான்?" என்றாள்.

பென்சிலைச் சீவிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

24.7.1977, ஞாயிறு

அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்த்தாஜாம் போய்த் திரும்பியிருக்கிறோம். கால் வீங்கிக் கிடக்கிறது. ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும்.

எர்னஸ்ட் வீட்டோடு ஏற்பாடு இதுதான். கோயிலுக்குக் கும்பிடப் போகிற மாதிரி இரண்டு வீட்டாரும் போவது, மெழுகுவர்த்தி விற்கிற இடத்தில் தற்செயலாகச் சந்திப்பது. பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. பாதிச் சம்பந்தம் இந்தத் திருவிழாக் கூட்டத்தில்தான் முடிகிறது. ஞானப்பூ அத்தைதான் ஆள் காட்ட வேண்டும். அவள் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது.

அப்பா, அம்மா, அக்கா, நான் நின்றோம். வெயில். அக்கா பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஒரு அம்மாவும் மகனும் எங்களைத் தாண்டிப் போனார்கள். மறுபடி வந்தார்கள். மறுபடி போனார்கள். கையில் ஏதோ வைத்துக்கொண்டு, நிற்கிற பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மூன்றாம் முறை அந்த அம்மா நேராக அக்காவிடமே வந்தாள். களைத்துப்போயிருந்தாள்.

"ஏம்மா, ரொம்ப நேரமா இங்கதான நிக்கற? இந்தப் பொண்ண இங்கிட்டுப் பாத்தியா?"

நீட்டிய படத்தைப் பார்த்தேன். என் பென்சில். பிப்ரவரியில் பூசிய அதே முகம். பரஞ்சோதி அண்ணன் சந்தோஷத்தில் போட்டுக் கொடுத்த கூடுதல் பிரிண்ட்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா மாதா சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா படத்தைக் கையில் வாங்கினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன், அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் பேசிவிட்டாள், மெதுவாக, ஆனால் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி:

"பாத்திருக்கேன். ஆனா இவ வரமாட்டாம்மா. இவ எங்கயும் வந்ததில்ல. நான்தான் வந்திருக்கேன். என் பேரு கேதரின்."

அந்த அம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி. பின்னால் நின்ற எர்னஸ்டை அக்கா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவனும் எங்கள் நிறம்தான், ஒரு பிடி கூடத்தான் இருக்கும். பாடாங் செராயிலும் பென்சில் இருக்கிறது போல.

"ஒங்க படத்துல இருந்தவரும் வரல போலிருக்கே" என்றாள்.

எர்னஸ்ட் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்து முடியாமல், கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவன் அம்மா அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிறபோதும் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மட்டும் "வாங்க, தண்ணி குடிப்போம்" என்றார்.

பஸ்ஸில் அம்மா முழுவழியும் அழுதாள். அக்கா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாள். படத்தை என்ன செய்தாள் என்று பிறகு கேட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாளாம். "அந்தப் புள்ளைக்கும் ஒரு நல்ல வழி கெடைக்கட்டும்னு" என்றாள். இது கேலியா, நிஜமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

14.8.1977, ஞாயிறு

பாடாங் செராய்க்காரர்கள் "யோசிக்கிறார்களாம்." அம்மா ஜெபமாலையும் கையுமாக இருக்கிறாள். எதை யோசிக்கிறார்கள்? டயர் வாங்கவா வந்தார்கள்?

18.9.1977, ஞாயிறு

ஞானப்பூ அத்தை வந்தாள். அவர்களுக்குச் சம்மதமாம். மகன் பிடிவாதமாம், அந்தப் பெண்தான் என்று. தாய்க்காரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாலும் சரி என்றுவிட்டாளாம். "கறுப்பா இருந்தாலும்..." என்று அத்தை தொடங்கினாள். நான் பார்த்த பார்வையில் காப்பியைக் குடித்தாள்.

அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா விலகி உட்கார்ந்து, "நான் அவங்க வீட்ட இன்னும் பாக்கலையே" என்றாள்.

"பொண்ணு போயி மாப்ள வீட்டப் பாக்கறதா? எந்த ஊருல லா இது?" என்றாள் அத்தை.

"கோயில்ல என்னப் பாத்தாங்க. இப்ப என் முறை."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வாசலில் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், தலை தூக்காமலேயே சொன்னார்: "போயிப் பாக்கட்டும். கட்டிக்கப் போறது அவதான."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இத்தனை மாதம் நான் கத்தியதில் ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொள்ளாதவள், இதை எங்கிருந்து எடுத்தாள்?

25.9.1977, ஞாயிறு

பாடாங் செராய் போய் வந்தோம். எர்னஸ்ட் நகத்திலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தான், ஆனாலும் போகவில்லை. அவன் அம்மா பலகாரம் வைத்தாள். அக்கா பலகாரத்தைத் தின்றுவிட்டு, அடுப்படியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், திரும்பி வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். எத்தனை மணிக்குக் கடை சாத்துவீர்கள், குடிக்க மாட்டீர்கள் என்பது நிஜமா, கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போனால் என்ன சொல்வீர்கள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவனுக்கு வேர்த்தது. குடிப்பதைப் பற்றிக் கேட்டபோது அவன் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, "பெருநாளுக்கு மட்டும்" என்று உண்மையைச் சொன்னான். அவன் அம்மா என்னிடம் குனிந்து, "பொண்ணு ரொம்பப் பேசும் போல" என்றாள். இல்லைம்மா, இதுதான் முதல் தடவை என்றேன்.

பஸ் ஏறியதும் அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"என்னடி, பிடிச்சிருக்கா இல்லையா? நாளைக்கே சொல்லி அனுப்பணும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"என்னத்தடி யோசிக்கற? வயசு என்னாச்சு ஒனக்கு? கெடைச்சதே பெரிசு!"

அக்கா சன்னல் கம்பியில் கையை வைத்திருந்தாள். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. வழக்கமாக அந்தப் பக்கம் உட்கார்ந்தால் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வாள்.

"அவங்க ரெண்டு மாசம் யோசிச்சாங்களேம்மா. நான் ஒரு வாரம் யோசிக்கக் கூடாதா?"

அம்மா பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். செமிலிங் வரும்வரை உருட்டினாள். அக்கா வெயிலிலேயே தூங்கிப் போனாள்.